‘டேங்க் கேர்ள்’ படத்தை ஏன் யாரும் பேசுவதில்லை?

பிப்ரவரி 9, இரவு

“இந்த டேங்க் கேர்ள் படத்தை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்? கதை இல்லை, வில்லன் கார்ட்டூன் மாதிரி இருக்கிறான், போதாததற்கு கங்காரு மனிதர்கள் வேறு. நாயகியின் முடியையும் உடையையும் விட்டால் அதில் என்ன இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டிருந்தார். வேறொரு படத்தைப் பற்றிய பேச்சின் நடுவே வந்த கேள்வி. அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும், அதனால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

நாயகி இருக்கிறாள். என் முதல் பதில் இதுதான்.

படம் தெரியாதவர்களுக்காக: ஒரு பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து எடுத்த படம், 1995 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் வெளியானது, இயக்கியவர் ரேச்சல் டலாலே. கதை நடப்பது 2033இல். வால்மீன் ஒன்று பூமியில் மோதி 11 ஆண்டுகளாக மழையே இல்லை. இருக்கிற தண்ணீரில் பெரும்பகுதி ‘வாட்டர் அண்ட் பவர்’ என்ற நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது, அதன் தலைவன் கெஸ்லி. அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு, ஒரு பாழடைந்த வீட்டில் சிலரோடு கூட்டாக வாழ்கிற ரெபெக்காதான் நாயகி, அதாவது டேங்க் கேர்ள். நிறுவனத்தின் ஆட்கள் வந்து வீட்டை அடித்து நொறுக்கி, அவள் காதலனைக் கொன்று, அவளைப் பிடித்துப் போகிறார்கள். சாம் என்ற சிறுமியும் அவர்கள் கையில் சிக்குகிறாள். ரெபெக்கா தப்பித்து ஒரு டாங்கியைக் கைப்பற்றித் திருப்பி அடிக்கிறாள். கதை அவ்வளவுதான், மறுக்கவில்லை.

ஆனால் இந்த மாதிரிக் கதைகளில் அடங்காத பெண் என்று ஒருத்தி வந்தால் அவளுக்கு ஒரு விலை வைத்திருப்பார்கள். ஒன்று, அவள் ஏன் அப்படி ஆனாள் என்று ஒரு சோகக் கதை சொல்வார்கள். இல்லை, அவளைப் பக்குவப்படுத்த ஒரு ஆணை அனுப்புவார்கள். இல்லை, கடைசியில் அவள் சாவாள். ரெபெக்காவுக்கு இந்த மூன்றும் நடக்கவில்லை. முதல் காட்சியில் வாய் எப்படி ஓடுகிறதோ அப்படியே கடைசிக் காட்சியிலும் ஓடுகிறது. நிறுவனம் வருவதற்கு முன்பே அவள் அப்படித்தான் இருந்தாள். அவள் குணத்துக்கு யாரும் காரணம் தேடவில்லை. அந்த வருடம் வந்த காமிக்ஸ் படங்களில் இப்படி ஒரு பெண்ணை எனக்குக் காட்டுங்கள், பேசலாம்.

பிப்ரவரி 10, காலை

உடனே ஒருவர்: “பாத்திரம் மாறவே இல்லை என்றால் அது திரைக்கதையின் பலவீனம், அதைப் போய்ப் பெருமையாகச் சொல்கிறீர்களே.”

மாற்றம் படத்தில் இருக்கிறது. நாயகியிடம் தேடாமல் ஜெட்டிடம் தேடுங்கள்.

நவோமி வாட்ஸ் நடித்த பாத்திரம். மூக்குக் கண்ணாடி, தலைகுனிவு, கையில் எப்போதும் ஒரு கருவி. நிறுவனத்துக்கு விமானம் பழுதுபார்க்கும் மெக்கானிக். சார்ஜென்ட் ஸ்மால் என்ற ஒருவன் அவளைத் தொட்டுத் தொட்டுத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறான், அவள் சகித்துக்கொண்டே இருக்கிறாள். ரெபெக்கா அங்கே கைதியாக வந்தவள், சொந்த உயிருக்கே உத்தரவாதம் இல்லாதவள், அவள் வந்து இவன் முன்னால் ஜெட்டை இழுத்து முத்தமிட்டுத் தன் காதலி என்று காட்டி அவனை விரட்டுகிறாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஜெட்டின் முகத்தைக் கவனியுங்கள். தனக்காக யாரோ ஒருத்தி குறுக்கே வந்து நிற்பதை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள் என்பது அந்த முகத்தில் தெரியும்.

அப்புறம் படம் முழுக்க ஜெட் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறாள். ரெபெக்காவுக்கு டாங்கி, இவளுக்கு ஒரு ஜெட் விமானம். ஸ்மாலின் கணக்கைக் கடைசியில் தீர்ப்பதும் இவளே, தோழி வந்து தீர்த்துக் கொடுக்கவில்லை. வளைவு, மாற்றம் என்று திரைக்கதை வகுப்பில் சொல்லித் தருகிற எல்லாம் இந்தப் பாத்திரத்துக்குள் ஒழுங்காக இருக்கிறது. ரெபெக்கா மாறாமல் இருப்பதால்தான் அவளைப் பார்த்து ஜெட் மாற முடிகிறது. இரண்டு பேரும் மாறிக்கொண்டிருந்தால் யாரைப் பிடித்துக்கொண்டு யார் எழுவது?

பிப்ரவரி 10, மதியம்

காமிக்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு. பிரிட்டனில் ‘டெட்லைன்’ என்று ஒரு பத்திரிகை, 1988இல் தொடங்கியது. பிரெட் யூவின்ஸும் ஸ்டீவ் டில்லனும் ஆரம்பித்தார்கள். அதில் ஆலன் மார்ட்டின் எழுத, ஜேமி ஹியூலெட் வரைந்தார். ஹியூலெட்டைப் பலருக்கு வேறு விதத்தில் தெரிந்திருக்கும், பின்னாளில் டேமன் ஆல்பர்னோடு சேர்ந்து கொரில்லாஸ் என்ற கார்ட்டூன் இசைக்குழுவை உருவாக்கியவர் அவர்தான். அந்தக் குழுவின் ஓவியங்களில் இருக்கிற துருத்திய பல்லையும் அழுக்கு ஷூவையும் பார்த்தால் டேங்க் கேர்ளின் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடலாம்.

காமிக்ஸில் களம் ஆஸ்திரேலியா. அங்கே ஜனாதிபதிக்கு மலப் பைகள் (குடல் அறுவைக்குப் பிறகு உடலில் மாட்டிக்கொள்பவை) கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வேலையை அவள் சொதப்ப, ஊரறிய அவருக்கு அசிங்கமாகிவிட, அதனால் தேடப்படும் குற்றவாளி ஆகிறாள். ஆரம்பமே அதுதான். உலகத்தைக் காப்பாற்றுகிற எண்ணம் துளியும் கிடையாது. அவளுடைய காதலன் பூகா ஒரு கங்காரு, இதற்கும் விளக்கம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1988இல் பிரிட்டனில் ‘கிளாஸ் 28’ என்ற சட்டப்பிரிவு வந்தது, ஓரினச் சேர்க்கையை உள்ளாட்சி அமைப்புகள் ‘ஊக்குவிக்க’க் கூடாது என்று சொன்ன பிரிவு. அதை எதிர்த்த ஊர்வலத்தில் டேங்க் கேர்ள் படம் போட்ட டி-ஷர்ட்டுகள் வந்தன. பெண்கள் கூடுகிற இரவுகளுக்கு அவள் பெயரை வைத்தார்கள். இரண்டு ஆண்கள் உருவாக்கிய பாத்திரத்தைப் பெண்கள் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் வெறும் உடையும் முடியும் என்று சொன்னவர் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிப்ரவரி 11, இரவு, நீளமாக எழுதப் போகிறேன்

இதுவரை வந்ததில் எனக்குக் கனமாகப் பட்ட எதிர்ப்பு இதுதான்: “காதலன் கண் முன்னால் செத்துக் கிடக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவள் ஜோக் அடிக்கிறாள். இது எழுதத் தெரியாதவர்கள் எழுதிய பாத்திரம்.”

நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல்முறை பார்த்தபோது எனக்கும் அந்த இடம் இடறியது. அன்றைக்கு ஒரு நல்ல பிரதிகூடக் கிடைக்கவில்லை, நிறம் வெளுத்த பழைய டேப்பில் பார்த்தேன், ஏதோ காட்சி விடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருமுறை என் சித்தி மகளோடு பார்த்தேன். அப்போது அவள் பள்ளி மாணவி. அவள் காதலனைப் பற்றியெல்லாம் கேட்கவே இல்லை. “இவ ஏன் பயப்படவே மாட்டேங்குறா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கெஸ்லியைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மால்கம் மெக்டவல் கெஸ்லியாக வருகிற காட்சிகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தன் ஆளையே மற்றவர்கள் பார்க்க வதைக்கிறான். உடம்பிலிருக்கிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சி எடுக்கிற ஒரு கருவி வைத்திருக்கிறான், ஆளைக் குத்தி, வருகிற தண்ணீரை அங்கேயே குடிக்கிறான். எல்லாமே ஒரு கூட்டத்தின் முன்னால். அவனுக்கு ஆள் சாவது பெரிதில்லை. மற்றவர்கள் முகத்தில் அச்சம் தெரிய வேண்டும், அதுதான் அவனுக்குக் கூலி. ரெபெக்காவைக் கொல்லாமல் வைத்திருப்பதும் அதனால்தான். அவளை உடைத்துத் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தவிக்கிறான். அவளிடமிருந்து அவனுக்கு வேண்டியது ஒரு துளி அழுகை. அவள் தராத ஒரே பொருளும் அதுதான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் அவளுடைய ஒவ்வொரு ஜோக்கும் ஒரு மறுப்பு. கையும் காலும் கட்டிக் கிடக்கிறாள், ஆயுதம் இல்லை, ஆள் இல்லை, மிச்சமிருப்பது வாய் ஒன்றுதான். ரெபெக்காவாக நடித்த லோரி பெட்டி அதை எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். அந்தக் கரகரத்த குரலில் வசனம் எப்போதும் ஒரு நொடி முந்தியே வந்து விழுகிறது. நிதானமாக யோசித்துப் பேசுகிற புத்திசாலியின் ஜோக் கிடையாது அது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் நிறுத்தாமல் பேசுகிற பேச்சு. சில இடங்களில் ஜோக் மொக்கையாகக்கூட இருக்கும். அவள் சொல்லிவிடுகிறாள்.

துக்கம் இல்லையா என்றால், சாம் விஷயத்தில் பாருங்கள். அந்தச் சிறுமி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த நிமிடத்தில் இந்தப் பெண்ணின் ஓட்டம் மாறுகிறது. அதுவரை வம்புக்கு வம்பு என்று அலைந்தவள் பிறகு ஒரே திசையில் போகிறாள். அழுது காட்டுகிற காட்சி ஒன்று வைத்திருந்தால் விமர்சகர்கள் ஒருவேளை திருப்தி அடைந்திருப்பார்கள். எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 12, காலை

மேலே எழுதியதைக் காலையில் வாசித்தபோது ஒரு விஷயம் சேர்க்கத் தோன்றியது. படம் இந்த இடத்தை முழுசாகச் சாதித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. காதலனுக்குத் திரையில் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு, அந்த வீட்டில் இருந்த மற்றவர்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. அந்த வீட்டுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், யார் யாருக்கு என்ன உறவு என்று பார்த்திருக்கலாம். அது நடக்காததற்குக் காரணம் பாத்திரத்தில் இல்லை, வெட்டிய கையில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பிப்ரவரி 12, இரவு

வெட்டு.

செலவு சுமார் 2.5 கோடி டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் வந்தது சுமார் 40 லட்சம் டாலர். விழுந்த வேகத்தில் ஸ்டூடியோ கையைக் கழுவிக்கொண்டது. ஆனால் படம் திரைக்கு வருவதற்கு முன்பே அதில் நிறையக் கை வைத்தார்கள். நாயகியின் பாலியல் வெளிப்படைத்தனம், அசிங்கமான நகைச்சுவை, பூகாவுடனான உறவு என்று காமிக்ஸில் சாதாரணமாக இருந்த பலவற்றை ஸ்டூடியோ வெட்டச் சொன்னதை டலாலே பிறகு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கங்காரு மனிதனோடு அவள் படுக்கையைப் பகிர்கிறாள் என்பது படத்தில் இப்போது ஏறக்குறைய ஒரு சாடை மட்டும்தான். முடிவுக் காட்சியும் முதலில் நினைத்தபடி இல்லை.

இப்போது பார்க்கிற படத்தில் கதை திடீரென்று தாவும், நடுவில் ஹியூலெட்டின் ஓவியச் சட்டகங்கள் படபடவென்று வந்துபோகும், சில இடத்தில் முழு அனிமேஷனாகவே மாறிவிடும். இதில் பாதி அழகுக்காக, பாதி ஓட்டையை அடைக்க. படமெடுக்காத காட்சியையும் வெட்டுப்பட்ட காட்சியையும் ஓவியத்தால் இட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், காமிக்ஸ் வரைபவர். அவரோடு உட்கார்ந்து பார்த்தபோது இந்த இடங்களில் எல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஒரு பக்கத்தில் இரண்டு சட்டகத்துக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது அல்லவா, டாங்கி இங்கே நிற்கிறது, அடுத்த சட்டகத்தில் சுவர் இடிந்து கிடக்கிறது, நடுவில் நடந்ததை வாசகரின் மனம் போட்டுக்கொள்கிறது. படத்தில் அந்த ஓவியங்கள் வருகிற இடங்களும் அதையே செய்கின்றன என்றார். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஒரு படம், அதைப் போட்டிருக்கிறவளும் ஒட்டுப்போட்ட உடைக்காரி. இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. நெருக்கடியில் செய்தது பாத்திரத்தோடு பொருந்திப்போய்விட்டது. ஒழுங்காக மழுமழுவென்று வந்திருந்தால் அந்த வருடத்தின் இன்னொரு எதிர்காலப் படமாக மறந்துபோயிருக்கும்.

பிப்ரவரி 13

“அந்தப் பாட்டுக் காட்சிக்காக மட்டுமாவது மன்னிப்புக் கேளுங்கள்” என்று எழுதியவரே, அந்தப் பாட்டுக் காட்சிதான் படத்தின் உச்சம்!

இடம் ‘லிக்விட் சில்வர்’ என்ற களியாட்ட விடுதி. சாமை அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள், எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. அவளைத் தேடி வருகிற ஆளாக ராக் பாடகர் இகி பாப் ஒரு சின்ன வேடத்தில் வருவார். ரெபெக்கா உள்ளே நுழைய வேண்டுமென்றால் அங்கே வேலைக்கு வருகிற பெண் மாதிரி வேஷம் கட்ட வேண்டும். எப்படி உடுத்துவது, எப்படிக் கவர்ச்சியாக இருப்பது என்று ஒரு பதிவு அங்கே பாடம் நடத்துகிறது. அவள் அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றையும் தன் இஷ்டத்துக்குக் கிழித்து, மாற்றி, மேலே மேலே போட்டுக்கொண்டு வெளியே வருகிறாள். இந்தப் படம் எதைப் பற்றியது என்று யாராவது கேட்டால் அந்த ஒன்றரை நிமிடத்தைக் காட்டுவேன்.

அப்புறம் விடுதித் தலைவியின் தலைக்குத் துப்பாக்கியை வைத்துப் பாடச் சொல்கிறாள். பாட்டு கோல் போர்ட்டர் 1928இல் எழுதியது, பறவையும் பூச்சியும்கூடக் காதலிக்கின்றனவே நாமும் காதலிப்போமே என்கிற மாதிரியான நாகரிகமான கிண்டல் பாட்டு. மிரட்டலில் தொடங்கிய பாட்டு மெல்ல மெல்ல நடனமாகி, அங்கே விலைபேசப்பட்ட பெண்களெல்லாம் சேர்ந்து ஆடுகிற முழு இசைநாடகக் காட்சியாக விரிகிறது. பெண்களை வரிசையில் நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஒரு இடத்தை அவர்களுடைய மேடையாக்குகிறாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட ஆயுதம், பணக்கார விருந்துகளில் பாடப்பட்ட ஒரு பழைய பாட்டு.

டலாலே எங்கிருந்து வந்தவர் என்று பார்த்தால் இந்தத் துணிச்சல் ஆச்சரியமில்லை. அருவருப்பான நகைச்சுவைக்குப் பெயர்போன இயக்குநர் ஜான் வாட்டர்ஸின் படப்பிடிப்புகளில் எடுபிடி வேலையிலிருந்து தொடங்கித் தயாரிப்பாளர் வரை உயர்ந்தவர் அவர். மோசமான ரசனை என்று உலகம் ஒதுக்குவதைக் கொண்டாட்டமாக்குவது எப்படி என்று அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 13, பின்னிரவு

பாடல் என்றதும் இசைத்தொகுப்பு ஞாபகம் வந்தது. பாடல்களைத் தேர்ந்து கோத்தவர் ஹோல் என்ற ராக் குழுவின் பாடகி கோர்ட்னி லவ். பியோர்க், போர்டிஸ்ஹெட், எல்7, வெருக்கா சால்ட், பெல்லி, டீவோ, ஐஸ்-டி என்று போகும் பட்டியல். 1995இல் பெண் குரல்கள் எவ்வளவு கோபமாகவும் எவ்வளவு விதமாகவும் இருந்தன என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் இந்த ஒரு தட்டு போதும். படத்தை வெறுத்தவர்கள்கூட இதை வாங்கி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் படத்துக்கு முன்னால் பாட்டுதான் கைக்கு வந்தது. பியோர்க்கின் அந்தப் பாட்டின் அடிநாதத்தைக் கேட்டுவிட்டு, இது ஓடுகிற படம் எப்படி இருக்கும் என்று நான் கற்பனை செய்தது ஒன்று, பார்த்தது வேறு, இரண்டையும் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15

ரிப்பர்கள். சரி, இதற்கும் வந்தாக வேண்டும்.

கங்காரு மரபணு கலந்து போருக்காக உருவாக்கிய மனிதர்கள். ஒப்பனை ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறை. 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் டைனோசர்களை உயிரோடு நடமாட விட்ட அதே பட்டறை. “காது அசைகிறது, சிரிப்பு வருகிறது” என்கிறார் ஒருவர். காது அசைகிறது என்பதுதானே சாதனை! ரிப்பர்கள் எல்லோரும் ஒரே முகமாக இல்லை. நடிகரின் முகத்தை மூடிவிடாமல், அவர் கண்ணும் வாயும் வேலை செய்ய இடம் விட்டு, காதுக்கும் வாலுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஐஸ்-டி நடிக்கிற டி-செயின்ட் யாரையும் நம்பாத சந்தேகப் பேர்வழி. ரெஜ் ஈ. கேத்தியின் டீ-டீ கவிதை மனசுக்காரர். ஜெஃப் கோபர் நடிக்கிற பூகா நாய்க்குட்டி மாதிரி அன்பானவன். ஒப்பனைக்குள்ளிருந்து இந்த வித்தியாசம் வெளியே தெரிகிறது.

அவர்கள் ஆடுகிற, பிரார்த்தனை செய்கிற காட்சிகள் நீளம்தான். அங்கே படம் தொய்கிறது, எனக்கும் கை பரபரக்கும். ஆனால் போருக்காகச் செய்யப்பட்டுக் கைவிடப்பட்டவர்கள் பூமிக்கடியில் ஒரு குடும்பமாக வாழ்வது, அவர்களைப் பார்த்து இந்தப் பெண் ஒரு நொடிகூட அருவருக்காமல் போய் உட்கார்ந்துகொள்வது, இது எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லோரும் பேய் என்று பயப்படுகிறவர்களோடு அவளுக்கு உடனே ஒட்டிக்கொள்கிறது.

பிப்ரவரி 16, சின்னக் குறிப்பு

டாங்கி நிஜம்தானா என்று கேட்டிருக்கிறார்கள். நிஜம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்து எம்5ஏ1 ஸ்டூவர்ட், அமெரிக்காவின் இலகு ரக டாங்கி. அதன் மேல் குழாயும் தகரமும் வைத்து, ஒரு கேடிலாக் காரின் பின்பாதியையும் பொருத்தி அலங்கரித்தார்கள். நியூ மெக்சிகோவின் வெள்ளை ஜிப்சம் மணல் மேட்டில் அது ஓடுகிறதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் கணினி வரைகலையில் எனக்கு வருவதில்லை. எடை தெரிகிறது, புழுதி நிஜம்.

பிப்ரவரி 18

“சொந்தப் படைப்பாளிகளுக்கே படம் பிடிக்கவில்லையே, நீங்கள் ஏன் வக்காலத்து?” என்ற கேள்வி நியாயமானது. மார்ட்டினும் ஹியூலெட்டும் படத்தைப் பற்றி நல்லதாகச் சொன்னதில்லை, வருத்தமாகவே பேசியிருக்கிறார்கள். காமிக்ஸை வாசித்தவர்களுக்கு அது புரியும். காமிக்ஸில் கதை என்பதே ஒரு சாக்கு, நடுவில் கதாபாத்திரம் வாசகரைத் திட்டும், பக்க ஓரத்தில் சம்பந்தமில்லாத கிறுக்கல் இருக்கும், ஒரு வேலையும் முடியாது. அதைப் பிடித்து, வில்லனைத் தோற்கடித்துத் தண்ணீரை மீட்கிற கதைக்குள் உட்கார வைத்தால் அதைப் பெற்றவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். டெட்லைன் பத்திரிகையும் அதே 1995இல் நின்றுபோனது, அவர்களுக்கு அது கசப்பான வருடம்.

ஆனால் நான் படைப்பாளி இல்லை, பார்வையாளர். படத்தில் கிடைக்கிற ரெபெக்காவுக்குக் காமிக்ஸில் இல்லாத ஒன்று கிடைத்திருக்கிறது: தோழமை. காமிக்ஸிலும் ஜெட் கேர்ள் உண்டு, ஆனால் அவள் ஏன் அங்கே இருக்கிறாள், அவளுக்கு என்ன பயம் என்று அங்கே கவலைப்பட மாட்டார்கள். படத்தில் ஒரு பெண் கதையைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது இன்னொரு பெண்ணின் பயம். டலாலேவுக்கு இந்தக் காமிக்ஸைப் படிக்கக் கொடுத்ததே அவர் மாற்றாந்தாயாக இருந்த மகள்தான். தன் முதல் படத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தபோது ஷாட்டுகளுக்கு நடுவே வாசித்திருக்கிறார். ஒரு சின்னப் பெண் கொடுத்துப் பெரிய பெண் வாசித்து எடுத்த படம், அதில் சாமும் ஜெட்டும் ரெபெக்காவும் ஒரே வரிசையில் நிற்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

பிப்ரவரி 18, கொஞ்ச நேரம் கழித்து

யார் யாரெல்லாம் இதில் இருந்தார்கள் என்று பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கலை வடிவமைப்பு கேத்தரின் ஹார்ட்விக், பின்னாளில் சொந்தமாக இயக்க வந்து 2008இல் காட்டேரிக் காதல் படம் ஒன்றில் பெரிய வெற்றி கண்டவர். உடைகள் ஆரியான் ஃபிலிப்ஸ், பிறகு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றவர். நவோமி வாட்ஸை உலகம் கவனிக்க 2001 வரை ஆனது. ஆனால் படத்தைத் தோளில் சுமந்த இரண்டு பெண்கள், டலாலேவும் லோரி பெட்டியும், அவர்கள்தான் தோல்விக்கு விலை கொடுத்தார்கள். பெட்டிக்கு அதன் பிறகு பெரிய படங்களில் நாயகி வேடம் அமையவில்லை. டலாலே தொலைக்காட்சிக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்து பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ அறிபுனைத் தொடரில் அவர் இயக்கிய அத்தியாயங்களை, குறிப்பாக 2015இல் ஒரே மனிதன் ஒரு கோட்டைக்குள் மாட்டிக்கொள்கிற அந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் இவர் யார் என்று தேடினார்கள். 1995இலேயே தேடியிருக்கலாம். அதே வருடம் காமிக்ஸ் படம் எடுத்துச் சறுக்கிய ஆண் நட்சத்திரங்களுக்கு அடுத்த படம் கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. இது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற விஷயம்.

பிப்ரவரி 21

கடைசியாக வந்த கேள்வி: 14 வயது மகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் பெற்ற படம், அதாவது 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். கெட்ட வார்த்தைகள் நிறைய, சிறுமியைத் துன்புறுத்த வருகிற ஆள் ஒருவன், அந்தத் தண்ணீர் உறிஞ்சும் கருவி. இந்த மூன்றையும் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விடுதிக் காட்சியின் தொடக்கத்தில் அருகில் இருங்கள், கேள்வி வரும். அதைத் தாண்டிவிட்டால் தாராளமாகக் காட்டலாம், ஜெட்டைப் பற்றிப் பேச நிறைய இருக்கும். 2013இல் வந்த ப்ளூ-ரே கிடைத்தால் அதையே எடுங்கள், ஓவியச் சட்டகங்களின் நிறம் அதில்தான் ஒழுங்காகத் தெரிகிறது. பிடித்துப்போய் காமிக்ஸ் வேண்டும் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தாமதப்படுத்துங்கள், அது படத்தைவிட எத்தனையோ மடங்கு முரட்டுத்தனமானது. 17, 18 வயதில் கையில் கொடுத்தால் சரியாக இருக்கும்.